மணிக்கணக்கு பார்க்கும் விமர்சனம்

"கேம் சூப்பர்தான் ப்ரோ. ஆனா அஞ்சு மணி நேரத்துல முடிஞ்சிடுது. முழு விலை குடுத்து வாங்காதீங்க, ஆஃபர் வரும்போது பாத்துக்கலாம்."

2025 ஜூலை கடைசியில் வெளிவந்த 'நிஞ்ஜா கெய்டன்: ரேஜ்பவுண்ட்' பற்றி அண்மையில் நான் கேட்ட ஒரு தமிழ் விமர்சனம் இப்படித்தான் முடிந்தது. அதற்கு முன்புவரை அவர் புகழ்மாலைதான் சூட்டிக்கொண்டிருந்தார். சண்டை பிரமாதம், ஓவியம் பிரமாதம், ஒவ்வொரு பாஸும் பிரமாதம். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார், மதிப்பெண்ணைக் குறைத்தார், கிளம்பிவிட்டார். ரசித்ததெல்லாம் பொய்யா? ஐந்து மணி நேரம் பிரமாதமாக இருந்த ஒன்று, ஆறாவது மணி நேரம் இல்லாததால் எப்படிச் சுமாராகிவிடும்?

இது ஒருவருடைய குறை என்றால் விட்டுவிடலாம். பழைய ஆர்கேட், கன்சோல் ஆக்‌ஷன் தொடர் எதில் புதிதாக ஒன்று வந்தாலும் இதே தீர்ப்புதான் வருகிறது. நீளமான கேம் லாபம், குட்டையான கேம் நஷ்டம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய பேப்பர் கடைக்காரர் புத்தகத்தைத் தராசில் வைக்கிறார் என்றால் அவர் அதைப் படிக்கப்போவதில்லை. ஆடி முடித்துவிட்டு வந்து பேசுகிற விமர்சகர் எதற்குத் தராசைத் தூக்குகிறார்?

கான்ட்ரா எவ்வளவு நேரம் ஓடும்? நம்மில் பலருக்குத் தெரிந்த அந்த வீட்டுப் பதிப்பு, கொனாமி 1988-ல் கொண்டுவந்தது. மொத்தம் 8 ஸ்டேஜ், 128 கேபி. கை பழகியவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். தொண்ணூறுகளில் டிவி கேம் வாங்கிய வீடுகளில் எந்தக் கேசட்டைச் செருகினாலும் பெரும்பாலும் அதில் கான்ட்ரா இருந்தது. முதல் ஸ்டேஜில் காலுக்குக் கீழே வெடிக்கும் பாலம், 'எஸ்' எழுத்து போட்ட துப்பாக்கிக்கு நடக்கும் அடிதடி, மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவ, திரை நகர்ந்து கீழே இருப்பவன் செத்துப்போவது, அதற்காக அண்ணனும் தம்பியும் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது. அரை மணி நேரக் கேமை வருடக்கணக்கில் ஆடினோம். அது சின்னது என்று அன்று எந்தப் பையனாவது புகார் சொன்னானா?

சின்னதாக இருப்பது தற்செயல் இல்லை, அப்படித்தான் கட்டினார்கள். 'டபுள் டிராகன்' 1987-லும் 'ஃபைனல் ஃபைட்' 1989-லும் ஆர்கேட் கூடங்களுக்கு வந்தன. அங்கே ஆட்டக்காரர் நின்றுகொண்டு ஆடுகிறார், பின்னால் அடுத்தவர் காசோடு காத்திருக்கிறார். புதிதாக வருபவர் சில நிமிடங்களில் தோற்க வேண்டும். தோற்றது தன் கையால்தான் என்றும் அவருக்குத் தோன்ற வேண்டும். தேர்ந்தவர் ஒரே காசில் கடைசிவரை போய்விட முடிய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பது எவ்வளவு கடினமான வேலை! எதிரி எந்த மூலையிலிருந்து வருகிறான், கை ஓங்கியதற்கும் அடி விழுவதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி, உயிர் கூட்டும் கோழிக்கறித் தட்டு எந்தப் பீப்பாய்க்குள் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு வைத்தது. நீட்டினால் அந்தக் கணக்கு நீர்த்துப்போகும்.

நீட்டியும் பார்த்தார்கள், அந்த வரலாறு அசிங்கமானது. அமெரிக்காவில் கேசட்டை வாடகைக்கு எடுத்து வார இறுதியில் ஆடி முடித்துத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரே வாடகையில் முடிந்துவிடக் கூடாது என்று பதிப்பாளர்கள் ஆட்டத்தைக் கொடூரமாக்கினார்கள். 1994-ல் வந்த 'கான்ட்ரா: ஹார்ட் கோர்'-இல் ஜப்பானிய ஆட்டக்காரர் மூன்று அடி தாங்குவார், அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் உயிர் போய்விடும். அதே வருடத்து 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3'-க்கும் இதே கதிதான். 'பேர் நக்கிள் 3' என்ற பெயரில் ஜப்பானில் நன்றாக இருந்த ஆட்டம், கடல் தாண்டியதும் வதையாக மாறியது. இன்று நீட்டச் சொல்லும் அதே ஆசையைக் கையில் பிடித்துக்கொண்டு விமர்சகர்கள் நிற்கிறார்கள்.

'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4'-ஐ எடுத்துக்கொள்வோம். 26 வருட இடைவெளிக்குப் பிறகு 2020 ஏப்ரலில் வந்தது. டோட்எமு, லிசார்ட்க்யூப், கார்ட் க்ரஷ் மூவரும் சேர்ந்து செய்தார்கள். 12 ஸ்டேஜ். முதல் தடவை எல்லோரும் ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் எப்படியோ கடைசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நம் விமர்சகர் அதோடு எழுந்துவிடுகிறார். ஆனால் ஆட்டத்துக்குள் இன்னும் நுழையவே இல்லை அவர்.

இந்தத் தொடரில் இரண்டாம் பாகத்திலிருந்தே ஸ்பெஷல் அடி போட்டால் சொந்த உயிர் குறையும். அது பழைய சட்டம். அதனால் பழைய ஆட்டங்களில் மாட்டிக்கொண்டால் ஒழியப் பலரும் அதைத் தொடமாட்டார்கள். நான்காவது பாகம் அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தது: குறைந்த உயிர் பச்சையாகக் கடன்போல் நிற்கும், அடி வாங்காமல் எதிரியை அடித்துக்கொண்டே இருந்தால் திரும்பி வரும், இடையில் ஒரு அடி விழுந்தால் அவ்வளவும் போச்சு. இந்த ஒரு மாற்றம் மொத்த ஆட்டத்தையும் புரட்டிப்போடுகிறது. பயந்து ஒதுங்குகிறவன் நஷ்டப்படுவான், துணிந்து உள்ளே போகிறவன் பிழைப்பான். இதோடு சுவரில் மோதித் திரும்பும் உடலைக் காற்றிலேயே பிடித்து அடிக்கும் வித்தை சேர்கிறது. ஆட்ட நாயகர்களில் ஆக்ஸலால் ஓட முடியாது, செர்ரியால் முடியும். ஃப்ளாய்ட் இயந்திரக் கையால் இரண்டு பேரை ஒன்றாகப் பிடித்து முட்டவைப்பான். ஆள் மாறினால் அதே தெரு வேறு தெருவாகிவிடுகிறது. முதல் பாஸ் டீவாவை ஒரு அடியும் வாங்காமல் வீழ்த்தக் கற்றுக்கொள்வதற்குள் நேரம் போவதே தெரியாது. புள்ளிகள் சேரச் சேரப் பழைய மூன்று பாகங்களின் பிக்சல் உருவங்கள் திறக்கின்றன. எல்லா ஸ்டேஜையும் ஒரே மூச்சில் ஆடவைக்கும் ஆர்கேட் முறை தனியாக இருக்கிறது. இதில் ஒன்றைக்கூடத் தொடாதவர் இது "முடிந்துவிட்டது" என்கிறார். முடிந்தது அவருடைய பொறுமை மட்டும்தான்.

ரேஜ்பவுண்டிலும் அதேதான். ஒளிவீசும் எதிரியைச் சரியான ஆயுதத்தால் கொன்றால், அடுத்த அடி பெரிய எதிரியை ஒரே வெட்டில் சாய்க்கும். எதிரி தலைமேலும் பறந்துவரும் குண்டுமேலும் மிதித்து எம்பலாம். யாரை முதலில் வெட்டி, யார் தலையை மிதித்து எங்கே போவது என்று ஒவ்வொரு ஸ்டேஜையும் ஒரு கோவையாகத் தொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை தட்டுத்தடுமாறிப் போகிறோம். மூன்றாவது தடவை நிற்காமல் பாய்கிறோம். அந்தப் பாய்ச்சல்தான் ஆட்டம். கான்ட்ராவையும் அப்படித்தானே ஆடினோம்?

மணிக்கணக்கு வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கொனாமி 2019-ல் 'கான்ட்ரா: ரோக் கோர்ப்ஸ்' கொடுத்தது. பொருள் பொறுக்கு, துப்பாக்கியை மேம்படுத்து, ஆடிய இடத்திலேயே மறுபடி ஆடு. நேரம் தாராளமாக ஓடியது. அதை ரசித்த ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2024-ல் வேஃபார்வர்ட் செய்த 'ஆபரேஷன் கலூகா' பழையபடி 8 ஸ்டேஜுக்குத் திரும்பியது. உடனே "சின்னதா இருக்கு" என்ற முனகல். கான்ட்ரா அரை மணி நேரம்! அதன் வாரிசு அதைவிட நீளம்! இன்னும் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?

இந்த மணிக்கணக்கு விமர்சனத்தோடு நிற்பதில்லை. ஸ்டீம் இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஓடாத கேமை வாங்கி ஏமாந்தவருக்கு அது நியாயமான பாதுகாப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் சின்னக் கேம்களைக் கடைசிவரை ஆடிவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார், அதைச் சாமர்த்தியம் என்று வெளியே சொல்லவும் செய்கிறார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் போவதற்குத் தமிழில் வேறு பெயர். நூறு மணி நேரம் ஓடும் திறந்தவெளிக் கேம்களில் குதிரையில் ஏறி வரைபடத்துப் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே அலைவதே வேலையாக இருக்கிறது. பாதியில் கைவிட்ட அந்தக் கேம்களை இந்த விமர்சகர்களே "பணத்துக்கு மதிப்பு" என்கிறார்கள். அது ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் "பழைய நினைவுகளுக்காக வாங்கலாம்" என்ற தட்டிக்கொடுத்தல். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4'-இன் பச்சை உயிர் விதியில் என்ன பழைய நினைவு இருக்கிறது? 2020-ல்தான் இந்தத் தொடருக்குள் வந்த யோசனை அது. பிறகு, எந்தக் கடின நிலையில் ஆடினார்கள் என்றும் சொல்வதில்லை. ஈஸியில் ஆடிவிட்டு "சவால் இல்லை" என்று எழுதுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2023 டிசம்பரில் சேகா தன் பழைய தொடர்கள் பலவற்றை ஒன்றாக அறிவித்தது. அதில் ஷினோபி 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. கோல்டன் ஆக்ஸும் புதிய ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜும் வர இருக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் இந்த விமர்சனங்களையும் படிக்கிறார்கள். "நீளம் போதாது" என்று நாம் ஓயாமல் கத்தினால், இரண்டு நல்ல தெருக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தெருவைப் போடுவார்கள், ஒவ்வொரு எதிரிக்கும் உயிரை இரண்டு மடங்காக்குவார்கள், ஆக்ஸலின் முஷ்டிக்கு 40 படி மேம்பாடு வைப்பார்கள். விமர்சனம் எழுதுகிறவர்களே, அந்தக் கேம்கள் வரும்போது எந்த நிலையில் ஆடினீர்கள், எத்தனை தடவை ஆடினீர்கள், பக்கத்தில் யாரை உட்காரவைத்து ஆடினீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.