மோட்டார் ஷெட்டில் தேகாப்பியாசம்

திருவள்ளூரைச் சுற்றிப் புது நகர்களில் வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறையைச் சுவரலமாரிக்குள் அடக்கினாலும் அடக்குவார்கள்; மோட்டார் வண்டிக்கு இடம் விடாமல் இருக்க மாட்டார்கள். வண்டி இல்லாதவரும் விடுகிறார். “வண்டியைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், இடத்தைப் பின்னால் வாங்க முடியுமா?” என்பது அவருடைய நியாயம். 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளும் வண்டிக்கு இடம் விடத்தான் சொல்கின்றன. போதாக்குறைக்கு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1998-இல் லான்சர் கார்களைச் செய்யத் தொடங்கியது இந்தத் திருவள்ளூரில்தான். அந்தக் கார் போய்விட்டது. ஷெட்டுகள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் ஷெட்டைத் திறந்து பாருங்கள். வண்டி தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே உடைந்த தொட்டில், பழைய ஆட்டுக்கல், கொலுப்படிகள், வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் டப்பாக்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து ஒன்று!

இப்படிப்பட்ட ஷெட்டைக் காலி செய்து தேகப்பயிற்சிக் கூடமாக மாற்றும் யோசனை கொரோனாக் காலத்தில் வலுத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பயிற்சிச் சாலைகள் எல்லாம் மூடிக்கொண்டன. தமிழ்நாட்டில் அவை மறுபடியும் திறந்தது ஆகஸ்டு 10-ஆம் தேதி. அதுவும் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கல்லவா பயிற்சி அதிகம் வேண்டியது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் சும்மா கேட்டுக்கொண்டிராமல் தங்கள் ஷெட்டைத் திறந்தார்கள். நம் பக்கத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து, மற்றவர்கள் காப்பி சாப்பிடும் வேளையில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஊர்ப் பயிற்சிச் சாலையின் நேரமும் அவர்கள் நேரமும் ஒரு நாளும் சந்திப்பதில்லை.

தேகாப்பியாசத்துக்குப் பெரிய மாளிகை வேண்டுமென்று நம் முன்னோர் நினைத்ததே இல்லை. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஒரு பாய் அகலம் போதும். கர்லாக் கட்டை சுழற்றக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது சேர்ந்த மாணாக்கர் ஐந்தே பேர். ஐந்து பேருக்கு ஒரு மோட்டார் ஷெட்டே தாராளம். அந்தப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் பெரிய கல்லூரியாக நிற்கிறது. அங்கே படித்த டிரில் வாத்தியார்களிடமிருந்து அவர்களுடைய பீரியடைக் கணக்குப் பாடத்துக்காகக் கடன் வாங்கி, திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிடும் வழக்கம் எங்கள் பள்ளிக்கூட உலகத்தில் நெடுங்காலமாக உண்டு. அது தனிக் கதை.

ஷெட்டைக் கூடமாக்கும் வேலையில் கடினமான கேள்வி தரையைப் பற்றியதுமல்ல, கூரையைப் பற்றியதுமல்ல. கூடம் யாருக்கு என்பதே கேள்வி.

நான் பார்த்த ஷெட்டுகளில் பெரும்பாலானவற்றில் பூட்டுச் சாவி வீட்டு ஐயாவின் வண்டிச் சாவியோடு தொங்குகிறது. மிச்சமுள்ளவற்றில் கல்லூரிக்குப் போகும் மகனிடம் இருக்கிறது. அம்மாள் உள்ளே வருவது பெருக்குவதற்கு மட்டும். 2024-இல் வெளியான ஓர் உலக ஆராய்ச்சி, 2022-ஆம் வருஷக் கணக்கின்படி, நம் தேசத்து ஆண்களில் நூற்றுக்கு 42 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும் போதிய தேக உழைப்பு இல்லை என்கிறது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது விளங்காமற் போகாது.

“பெண்டுகள் வீட்டு வேலை செய்கிறார்களே, அது பயிற்சி அல்லவா?” என்று கேட்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. வேலைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் குனிந்து பெருக்குவதும் நின்று தோசை வார்ப்பதும் வருஷம் முழுவதும் அதே அளவில் நடக்கின்றன. தசையும் எலும்பும் உரம் பெறுவது சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவதால். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்த அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலிவு தரும் பயிற்சி. இந்த இரண்டாவதைத்தான் நம் குடும்பங்களில் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நிறைந்த சமையல் காஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை வாசலிலிருந்து அடுக்களைவரை உருட்டிக்கொண்டு போவது யார்? போட்டிகளில் பெண்கள் தூக்கும் இரும்புத் தண்டு, தட்டு மாட்டாமல், 15 கிலோதான். பாதி சிலிண்டர்! ஸ்ரீகாகுளம் ஜில்லாவில் பிறந்த கர்ணம் மல்லேசுவரி 2000-இல் சிட்னியில் வெண்கலப் பதக்கம் வாங்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அதுவும் பளு தூக்கித்தான். மணிப்பூரின் மீராபாய் சானு 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். நம் வீட்டு அம்மாள் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டாம். அறுபது வயதில் தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தால் போதும்.

ஆகையால் ஷெட்டுக்குச் சாமான் வாங்கும்போது அம்மாளின் அளவிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கிலோ, ஐந்து கிலோக் கைச்சுமைகள், கெட்டியான ஒரு நாற்காலி, இழுக்கும் ரப்பர்ப் பட்டை, ஒரு பாய். பிறகு தண்டு. ஆண்களுக்கான தண்டு 2.2 மீட்டர், அதாவது ஏழேகால் அடி. எடை 20 கிலோ. குறுகலான ஷெட்டில் அதைக் குறுக்கே வைத்தால் தட்டு மாட்ட இடமிராது; நீளவாட்டில்தான் வைக்க வேண்டும். கூரை எட்டடிக்குக் குறைவாக இருந்தால், தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை உட்கார்ந்தே செய்வது தலைக்கும் கூரைக்கும் நல்லது.

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் கட்டடக் கம்பி உருண்டு வரும் ஊரில் இருந்துகொண்டு தண்டுக்கு எதற்குப் பணம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். 25 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 3.85 கிலோ; இரண்டே கால் மீட்டர் வெட்டினால் எட்டரைக் கிலோவுக்கு மேல் ஆயிற்று. ஆனால் கம்பியின் வரிகள் உள்ளங்கையைக் கிழிக்கும். பாரம் ஏறினால் வளையும், வளைந்தது நிமிராது. தண்டைக் கடையில் வாங்குங்கள். அதைத் தாங்கும் ஸ்டாண்டையும் தொங்கிப் பயிலும் கம்பியையும் நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அந்தக் காலிப் பெயிண்ட் டப்பாக்களுக்கும் உபயோகம் உண்டு: நாலு லிட்டர் டப்பாவில் கான்கிரீட் நிரப்பிக் கைப்பிடி பதித்தால் ஒன்பதரைக் கிலோ.

மோட்டார் ஷெட்டின் தரை, கழுவின தண்ணீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவில் நின்று பளு தூக்குவது முதுகுக்கு ஆகாது. தண்டும் தானே உருண்டு தெருவுக்குப் புறப்பட்டுவிடும். ஆறடிக்கு எட்டடி இடத்தையாவது சிமெண்டால் மட்டம் செய்து, மேலே ரப்பர் விரிப்புப் போட வேண்டும். எண்ணெய்க் கறைக்கு மரத்தூள் போட்டு ஊறவைத்துப் பெருக்கி, சலவைச் சோடாவால் தேய்க்கலாம். பெட்ரோல் டப்பா ஷெட்டுக்குள் இருக்கவே கூடாது. வண்டியும் கூடமும் ஒரே இடத்தில் என்றால், வண்டியை வெளியே எடுத்துப் புகை போன பிறகுதான் பயிற்சி. மூடிய அறையில் என்ஜின் ஓடினால் வரும் கார்பன் மானாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை, ஆளைக் கொல்லும்.

காற்றை மறந்துவிடாதீர்கள். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக் காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தகரக் கூரையின் கீழ், ஷட்டரை இறக்கிவிட்டு, சித்திரை மாதத்துப் பிற்பகலில் பயிற்சி செய்கிறவர் மயங்கி விழுந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஷட்டரைத் திறந்து வையுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னலாவது காற்று வெளியேற்றும் விசிறியாவது வேண்டும். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றால், பாதி உயரத்துக்குத் தென்னந்தட்டி கட்டலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் ஜில்லாவில் எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது. இரும்பைத் தரையில் குவிக்காமல் சுவரில் மாட்டுவதற்கும், மின்சாரப் பிளக்குகளை இடுப்புயரத்துக்கு மேல் வைப்பதற்கும் அதுவே போதுமான காரணம். மின்சாரத்தில் ஓடும் நடைப் பட்டையை மட்டும் உடனே வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் அதன் மேல் வேஷ்டி உலர்த்தும் வீடுகள் எனக்குத் தெரியும். நடப்பதற்குத் தெரு இருக்கிறது. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டால் அதுவும் குறையும் என்பது வேறு விஷயம்.

திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஷெட் சுவரில் நேர அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். காலை ஐந்தரை முதல் ஆறு மணிவரை மருமகள், ஆறு முதல் ஆறரைவரை மாமியார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சி, மாலையில்தான் ஆண்கள். அதன் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: காலை ஐந்தரை முதல் ஆறரைவரை பால் வாங்குவது, காப்பி போடுவது, குழந்தையை எழுப்புவது எல்லாம் ஐயாவின் பொறுப்பு. முதல் வாரம் காப்பி வாயில் வைக்க முடியவில்லையாம். இப்போது பரவாயில்லை என்று மாமியாரே சொல்கிறார்.