ஏர் பிடித்த கைக்கும் அழைப்பு உண்டு

கத்தோலிக்கப் பாரம்பரியமுள்ள பாடசாலை ஒன்றில் நடந்த மாணவ தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் வைபவத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். செபம் சொல்லப்பட்டது, உறுதிமொழி எடுக்கப்பட்டது. ஆனால் சின்னம் பெற்றவர்களுள் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றேனும் இல்லை. காரணம் கேட்டோம். “அவர்கள் எப்போது ஊருக்குத் திரும்புவார்களோ தெரியாது, ஒழுங்காக வருவதுமில்லை” என்றார்கள். சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். ஆயினும் அந்தப் பதில் எம்மை உறுத்துகின்றது.

1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் எமது மிசன் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. எனினும் பல ஊர்களில் ‘றோ.க.த.க. பாடசாலை’ என்ற எழுத்துகள் பெயர்ப்பலகையில் இன்றும் உள்ளன. அங்கு கடைசிப் பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதிலேயே அவ்வெழுத்துகளின் பொருள் தங்கியுள்ளது.

அழைத்தல் என்றதும் குருத்துவத்தையும் துறவறத்தையும் மட்டுமே நினைப்பது எமது பழக்கம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல், இளைஞர் மத்தியில் பணியாற்றும் முதல் திருத்தூதர்கள் இளைஞரே எனத் தெளிவாகக் கூறியது. அப்படியாயின் வகுப்பறையும் அழைத்தலின் இடமே.

வேதாகமத்தைப் பாருங்கள். எலிசா பன்னிரண்டு ஏர் மாடுகளோடு வயலை உழுதுகொண்டிருந்தபோதே எலியா தம் மேலாடையை அவர்மீது போட்டார். எலிசா தம் மாடுகளை அடித்து, ஏர் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, மக்களுக்கு உணவளித்துவிட்டே புறப்பட்டார். தலைமையின் முதற் செயல் பிறரின் பசி தீர்த்தல். ஈசாயின் வீட்டிலும் ஏழு புதல்வர்கள் சாமுவேல் முன் நிறுத்தப்பட்டனர். ஆடு மேய்க்கப் போயிருந்த தாவீதைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. எமது பாடசாலைகளின் பட்டியல்களும் இப்படித்தானே தயாராகின்றன?

பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன் தொழிலாள இளைஞருக்கு ‘பார், சிந்தி, செயற்படு’ என்னும் முறையைக் கற்பித்தார். 1961 இல் பாப்பரசர் 23 ஆம் அருளப்பர் அதனைத் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். அருவி வெட்டுக் காலத்தில் தரம் 10 மாணவன் ஒருவன் இரண்டு வாரம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரவு இடாப்பிற் சிவப்புக் கோடு இடுவது இலகு. அவன் கூலிக்குப் போகின்றான் என்று பார்ப்பதும், இது அவனுடைய சோம்பலா வீட்டின் வறுமையா என்று சிந்திப்பதும், மாலையில் கொப்பியோடு அவன் வீட்டுக்குச் சென்று விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதுமே மாணவ தலைமைத்துவம். இதற்குச் சின்னம் தேவையில்லை. இதைச் செய்பவனுக்குச் சின்னம் கிடைக்கவேண்டும்.

இப்பணிக்கு உங்கள் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? 1990 இலும் 1995 இலும் மூட்டை கட்டிய குடும்பங்கள், 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உங்களிடையே உண்டு. தண்ணீருக்கு வரிசையில் நிற்பதும், இருப்பதைப் பகிர்வதும், புதிதாக வந்தவரின் தனிமையும் இப்பிள்ளைகள் அறிந்தவை.

“சுவாமி, பிள்ளை படிச்சாலே போதும், தலைவர் பதவி எங்களுக்கு எதுக்கு?” என்று பெற்றோர் சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. அந்தக் களைப்பு எமக்கு விளங்குகின்றது. ஆனால் ‘நாம் வந்தேறிகள்’ என்ற எண்ணத்தைப் பிள்ளைக்கு முதுசமாகக் கொடுக்கவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். பின்வாங்கிலில் இருந்தாலும் எழுந்து, மாணவ தலைவர்களை எந்த அடிப்படையில் தெரிவு செய்கின்றீர்கள் என்று மரியாதையுடன் கேளுங்கள். அதிபர்களும் ஆசிரியர்களும் வெள்ளைச் சப்பாத்தையும் புள்ளியையும் பார்ப்பதோடு, சக மாணவனுக்காக நடந்த கால்களையும் பார்ப்பார்களாக.

சீடரின் பாதங்களைக் கழுவியவரே எமது தலைவர். அவர் அழைக்கும்போது, ‘உன் காணி எங்கே?’ என்று கேட்பதில்லை.