கால் சுளுக்கினால் கடையையே மூடுவதா?



ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியையும் சித்திரை வீதியையும் விடியற்காலையில் சுற்றி வருகிறவர்களில் நம் கடைக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். திருச்சி அண்ணா விளையாட்டரங்கப் பக்கமும் அப்படியே. டாக்டர் கண்டித்த பிறகு நடக்கத் தொடங்கியவர்களே அதிகம் என்றாலும், நல்ல பழக்கம் எப்போது வந்தாலும் நல்லதுதான்.

ஆனால் வருஷக்கணக்கில் பழகிய நடை, ஒரு சின்னச் சுளுக்கில் நின்று போவதையும் பார்க்கிறோம். மூட்டை தடுக்கிக் கணுக்கால் பிசகிவிடும். அல்லது நாள் முழுதும் நின்று குதிகால் வலி வந்துவிடும். "முழுசாக ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். வலி சில வாரங்களில் போய்விடுகிறது. நடை மட்டும் ஆறு மாதமானாலும் திரும்பி வருவதில்லை.

இதன் காரணம் வியாபாரிக்குப் புரியாததல்ல. ஒரு மாதம் கடை பூட்டிக் கிடந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுகிறார். அதுபோல, நடைக்கு ஒதுக்கிய நேரத்தைத் தூக்கமும் செல்போனும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே என் கருத்து இதுதான்: அடிபட்ட காலுக்கு ஓய்வு கொடுங்கள், உடற்பயிற்சி நேரத்துக்கு விடுமுறை விடாதீர்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்? லண்டன் இரட்டை அடுக்கு பஸ்களின் ஊழியர்களைப் பற்றி டாக்டர் ஜெர்ரி மோரிஸ் 1953-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம் மண்டியில் கண்டக்டர் வேலை பார்ப்பவர் சுமை தூக்கும் தொழிலாளி. கல்லாவில் இருக்கும் நாம் டிரைவர் கணக்கில்தான் சேருகிறோம். நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. சுளுக்கு கணுக்காலில் இருக்கலாம். நடை நின்றால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதைச் சாக்காக வைத்து ஏறிவிடும்.

கால் பிசகினால் முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், க்ரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். வீக்கம் இருக்கும்போதே எண்ணெய் போட்டு இழுத்துச் சுளுக்கெடுப்பது வேண்டாம். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலி தாங்காவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கனடாவில் 1992-ல் வகுத்த இந்த விதியை இன்றும் டாக்டர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

எலும்பு முறிவில்லை என்று தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பது மூட்டை இறுக வைக்கும். காயத்துக்கு ஓய்வும் ஐஸும் என்ற முறையை 1978-ல் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், முழு ஓய்வு ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார்.

நடக்க முடியாத நாட்களிலும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கலாம். அடிபடாத காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்தி மடக்கலாம். குதிகால் வலிக்காரர்கள் சுவரில் கையூன்றி, கெண்டைக்கால் தசை இழுபடும்படி நிற்கலாம். காந்தி மார்க்கெட்டில் இரவெல்லாம் சரக்கு இறக்குகிறவர்கள் மாலை நேரத்தை வைத்துக்கொள்ளட்டும். எந்த நேரமானாலும் அது தினமும் ஒரே நேரமாக இருப்பது நல்லது.

திரும்ப நடக்கும்போது பழைய தூரத்தில் பாதி போதும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள். கூடவில்லையென்றால் சிறிது சேருங்கள். உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் புண் என்றால் அது சின்ன விஷயமே அல்ல. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது. அவர்கள் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். புண்ணோடு நடப்பது வீரமாகாது.

2021-ல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் 2004-ல் சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயமடைந்தவர். பிறகு படிப்படியாகப் பழகி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடினார். ஓர் அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டர். அரசியலைத் தள்ளிவைத்துவிட்டு இந்த விடாமுயற்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாம் ஓட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மே 5 வணிகர் தினத்தன்று நம் சங்கங்கள் கொடியேற்றுவதோடு, கால் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தலாமே. கடை ஊழியர்களையும் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் அதற்கு அழைக்க வேண்டும். இருப்புக் கணக்கு எடுக்கும்போது ஒரு மூட்டை ஓட்டை என்றால் அதைத் தைத்து வைக்கிறோம். கிடங்கையே காலி செய்வதில்லை. உடம்புக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.