சத்தத்தைக் குறைக்கத்தான் நல்ல வொலியூம் வேணும்

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் அம்ப் செய்கிற பொடியளும், அவர்களுக்குக் காசு கொடுக்கிற தாய் தகப்பன்மாரும் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

போன மாதம் என்னிடம் படிக்கிற பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் தானே செய்த பிறீஅம்பைக் கொண்டு வந்தான். 5532 ஐசி, பழைய பெட்டி, ஒட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. குறை ஒன்றுதான். குமிழைக் கொஞ்சம் அசைத்தாலே ஸ்பீக்கர் கத்துகிறது. அதற்குப் பிறகு முழுக்கத் திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. மெதுவாக வைத்தால் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும்தான் பாட்டு.

“சேர், எல்லாரும் அந்த நீலநிற ஜப்பான் வொலியூம் ஓடர் பண்ணச் சொல்லினம். அம்மாட்டக் கேக்கவா?” என்றான்.

“கேக்காத தம்பி, முதல் அளந்து பாப்பம்” என்றேன்.

அவன் தகப்பன் இரவில் கடலுக்குப் போறவர். பகலில்தான் நித்திரை. வீட்டில் இருப்பது ஒரு அறை. பெடியன் கத்துகிற செற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தகப்பன் எழும்பி ஏசினால் அன்றோடு அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே போய்விடும். அதோடு அவனுடைய ஆர்வமும் போய்விடும். எனக்குப் பயம் அதுதான்.

பல்மானியை வைத்தோம். 50 கிலோஓம் வொலியூம். குமிழை நடுவில் வைத்து நடுக்காலுக்கும் பூமிக் காலுக்கும் இடையே அளந்தால் 25 கிலோஓம். அப்படியென்றால் அது லீனியர். லொக் வகையென்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோஓம்தான் காட்டும். இப்போது வாற சாமான்களில் லொக்குக்கு ‘ஏ’ என்றும் லீனியருக்கு ‘பி’ என்றும் போட்டிருக்கும். பழைய ஐரோப்பியச் சாமான்களில் இந்த எழுத்து மாறியும் வரும். ஆகவே எழுத்தை நம்பாமல் அளந்து வாங்குங்கோ.

இது ஏன் முக்கியம்? எங்கள் காது மடக்கைக் கணக்கில் கேட்கிறது. “மடக்கை எதுக்கு சேர் படிக்கிறம்?” என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதுதான் பதில். லீனியரை நடுவில் வைத்தால் அழுத்தம் பாதியாகும், அது 6 டெசிபெல் குறைவு. ஆனால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேணும். குமிழைப் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கினாலும் 20 டெசிபெல்தான் குறைகிறது. மெதுவாகக் கேட்க வேண்டிய சத்தமெல்லாம் அந்தக் கடைசி மயிரிழைத் திருப்பத்துக்குள் நெருங்கிக் கிடக்கிறது. இரண்டு பக்கத் தடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாததும் அந்த இடத்தில்தான்.

அந்த வொலியூமை நாங்கள் எறியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்காலுக்கும் பூமிக்கும் இடையே 6.8 கிலோஓம் தடை ஒன்று ஒட்டினோம். இப்போது குமிழ் நடுவில் நிற்கும்போது வருவது 18 வீதம், அதாவது ஏறக்குறைய 15 டெசிபெல் குறைவு. காதுக்கு லொக் போலவே இருக்கிறது. ஒரு பிளேன்ரீக்கு ஆகிற காசுகூட ஆகவில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. சத்தத்தை முழுக்கக் கூட்டும்போது முன்னால் இருக்கிற கருவிக்கு 6 கிலோஓம் சுமை விழும். போனுக்கு அது பிரச்சினை இல்லை. வால்வு செற்றுக்கு இந்த வழி சரிவராது, அதற்கு 100 கிலோஓம் லொக் போடுங்கோ.

இரண்டாவது குற்றவாளி வொலியூமே இல்லை. அவன் பார்த்துச் செய்த வரைபடத்தில் பெருக்கம் பத்து மடங்கு. போனிலிருந்தே அரை வோல்ற், ஒரு வோல்ற் வருகிறது. சீடி பிளேயர் 2 வோல்ற் தருகிறது. இதைப் பத்தால் பெருக்கிவிட்டுப் பிறகு குமிழால் அமுக்குவது, பாத்தி தாங்காத தண்ணியை இறைத்துவிட்டு வரம்பு கட்டுகிற மாதிரி. பெருக்கத்தை இரண்டாக்கினோம். இப்போது குமிழ் நடுப்பகுதியில் வேலை செய்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடுகின்றன.

சவுண்ட் சேர்விஸ் செய்கிற அண்ணன் ஒருவர், “படிப்படியாகத் திருப்புகிற சுவிட்சில் தடைகளை ஒட்டினால் அதுதான் திறம்” என்றார். உண்மைதான். இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒத்திருக்கும். ஆனால் 12 படிச் சுவிட்சில் ஒரு படிக்கு 4 டெசிபெல் என்றாலும் 44 தான் வரும். இரவில் வேண்டிய சத்தம் இரண்டு படிகளுக்கு நடுவில் நின்றுகொள்ளும். அடுத்த காலைத் தொட்ட பிறகு முந்தியதை விடுகிற வகைச் சுவிட்சாக இல்லாவிட்டால் ஒவ்வொரு படிக்கும் ‘டப்’ என்று அடிக்கும். பொறுமை உள்ளவர்கள் செய்யட்டும். முதல் அம்ப் செய்கிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

ஆகவே என் கருத்து இது. புதிதாக வாங்குவதென்றால் 10 கிலோஓம் இரட்டை லொக் காணும். முன்னால் 2.2 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று போடுங்கோ. நேரோட்டம் வொலியூமுக்குள் வந்தால் புதுச் சாமானும் கரகரக்கும். நடுக்காலிலிருந்து பூமிக்கு 1 மெகாஓம் தடை ஒன்றும் போடுங்கோ. குருநகர் உப்புக்காற்றுக்குக் கரித்தடம் நீண்ட காலம் தாங்காது. ஒரு நாள் தொடர்பு விட்டால் அந்தத் தடைதான் ஸ்பீக்கரைக் காப்பாற்றும். பெயர் பெற்ற நீல வொலியூம் நல்ல சாமான்தான், ஆனால் அதற்குப் போலி நிறைய வருகிறது. பிள்ளையின் காசை அதில் விடாதீர்கள்.

சத்தத்தைக் கூட்ட எந்தச் சாமானும் காணும். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டுவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மின்சாரம் இல்லாத யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. கிடைத்த சின்னச் சத்தத்தை எல்லாரும் கிட்ட வந்து கேட்டார்கள். என் வாப்பாவும் றேடியோவைத் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பார். “பக்கத்து வீட்டுக்குக் கேட்டா அது பாட்டு இல்ல மகன், ஆக்கினை” என்பார்.

போன கிழமை அந்தப் பெடியன் சொன்னான்: “சேர், அப்பா படுத்திருக்கேக்க பாட்டுப் போட்டனான். எழும்பேல்ல.” பிறகு தகப்பனே இன்னொரு பெட்டி கேட்டாராம், வள்ளத்துக்காரக் கூட்டாளிக்கு.

வாற சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் நிற்பேன். கரகரக்கிற வொலியூம், பழைய அம்ப் எதுவும் இருந்தால் பிள்ளைகளோடு கொண்டு வாருங்கோ. பல்மானி என்னிடம் இருக்கிறது. புதுசு வாங்க முதல் அளந்து பாப்பம்.