நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கும், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. டெக்னீஷியன் நான். எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் விடிகாலை நாலு மணிக்கே அங்கே ஐந்தாறு வீடுகளில் விளக்கு எரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வருகிறவர்களின் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் பேஸ்ட் தடவி ஒயர்களை ஒட்டிவிட்டு, பக்கத்து அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடியதும் விநாடிக்கு 8 முதல் 13 தடவை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை வரும். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்து 1929-இல் உலகுக்கு அறிவித்த அலை அது. தூக்கம் பிடித்ததும் கலைந்துவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் உயர உயரமாக, நிதானமாக டெல்டா அலைகள் நகரும்.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அலைகள் சிறுத்து வேகமெடுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளி விழித்துவிட்டார் என்று நினைத்து எழுந்து ஓடினேன். அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மூடிய இமைக்குள் விழிகள் மட்டும் அங்குமிங்கும் ஓடின. “மூளைக் கோட்டை மட்டும் பார்க்காதேம்மா. கண்ணையும் தாடையையும் சேர்த்துப் பார்” என்றார் மூத்த டெக்னீஷியன். தாடைத் தசையின் கோடு ஏறக்குறைய நேர்கோடாகக் கிடந்தது. அதுதான் கனவுத் தூக்கம். சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மேனும் 1953-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. அசரின்ஸ்கி தன் சின்ன மகனையே படுக்கவைத்துப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்.

விழிப்புக்கும் கனவுக்கும் என்னதான் வித்தியாசம்? 1993-இல் லினாஸ், ரிபாரி என்ற ஆய்வாளர்கள் ஒன்று காட்டினார்கள். விழித்திருக்கும் மூளையில் ஓடும் 40 ஹெர்ட்ஸ் அலை, கனவிலும் ஓடுகிறது. ஆனால் விழித்திருப்பவரின் காதில் ஓர் ஒலி விழுந்தால் அந்த அலை தன் தாளத்தை அந்தக் கணத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். கனவு காண்பவரிடம் அப்படி நடப்பதில்லை. வாசலைச் சாத்திவிட்டு மூளை உள்ளே மும்முரமாக இருக்கிறது. அதை வெறும் ஓய்வு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இரவின் முதல் கனவுக்கட்டம் பத்து நிமிடம்போலத்தான். விடிய விடிய அது நீண்டு, அரை மணியையும் தாண்டும். பதினோரு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால், பெரிதும் வெட்டுப்படுவது இந்தக் கடைசிப் பங்குதான்.

விடிகாலைப் படிப்பு மனதில் நிற்கும் என்று என் அம்மாவும் சொல்லி எழுப்பினாள். ஆனால் அப்போது எங்கள் வீட்டில் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். இன்று டியூஷன் முடிந்து பிள்ளை வீடு வந்து சேரவே ஒன்பதாகிறது. பழைய அலாரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பெற்றோரே, இன்றிரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். அலாரத்தை ஆறு மணிக்குத் தள்ளி வையுங்கள்.