ஆபரேஷன் மேஜையில் இரண்டாவது ஆள் யார்?

சென்ற மழைக்காலத்தில் என் மைத்துனருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பெங்களூரில் நம்மவர்கள் அதிகம் போகிற ஒரு சிறிய நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மூன்றாம் நாள் பில் வந்தது. முப்பத்தோரு வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவன் நான். எந்தத் தாளையும் வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் வாடகை, எல்லாம் சரி. நடுவில் 'உதவி சர்ஜன்' என்று ஒரு வரி. பெரிய டாக்டர் கட்டணத்தில் கால் பங்கு.

யார் இந்த உதவி சர்ஜன்? அப்படி ஒருவர் அறைக்கு வந்து நாங்கள் பார்க்கவில்லை. கட்டு மாற்ற வந்த இளைஞரிடம் கேட்டேன். "சார், நீங்க நம்ம பக்கமா?" என்று முதலில் அவர் என்னைக் கேட்டார். அவருக்குத் திருப்பத்தூர் பக்கம். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு, "அப்படி டாக்டர் யாரும் வரலை சார். எதிர்ப்பக்கம் நின்னு பிடிச்சது நான்தான்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வார்டு பையனாக வந்தவர். ஸ்ட்ரெச்சர் தள்ளினார். தியேட்டர் கழுவினார். கருவிகளைச் சுத்தம் செய்து அடுக்கக் கற்றுக் கொண்டார். ஒருநாள் உதவிக்கு வரவேண்டிய டாக்டர் வரவில்லை. "கையைக் கழுவிட்டு வந்து நில்லுப்பா" என்றார் பெரிய டாக்டர். அன்று நின்றவர் இன்னும் நிற்கிறார். பில்லில் உள்ள அந்த வரியிலிருந்து ஒரு ரூபாய் அவருக்கு வருவதில்லை. சம்பளப் பதிவேட்டில் இன்றைக்கும் அவர் வார்டு பாய்தான்.

நோயாளிக்குப் பொய்க் கணக்கு. வேலை செய்தவருக்குப் பட்டை நாமம். இரண்டு அநியாயமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பதும் ஒரு தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை நம் சிறிய ஆஸ்பத்திரிகள் ஒப்புக் கொள்ள மறுக்கின்றன.

அந்த வேலை என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்ஜன் கத்தி பிடிக்கிறார். எதிரே நிற்பவர் ரிட்ராக்டர் என்கிற கொக்கியால் தசையை விலக்கிப் பிடித்து வழி காட்டுகிறார். ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிறார். முடிச்சுப் போட்டதும் நூலைச் சரியான அளவு விட்டு வெட்டுகிறார். சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனில் கேமராவைப் பிடிப்பவரும் அவரே. அது சாய்ந்தால் சர்ஜனின் கண்ணே சாய்ந்த மாதிரி. பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் கொக்கியைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் ஈரல் கிழியலாம். குடலிறக்க ஆபரேஷனில் வழியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் தொடை இடுக்கு மாதக் கணக்கில் மரத்துக் கிடக்கும், சிலருக்கு வலி நிற்காது. நோயாளியின் கையைத் தோளுக்கு மேலாக விரித்து வைத்தால் தோள் நரம்பு இழுபடும். மின்சாரத்தால் ரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கும் கருவிக்கு உடம்பில் ஒட்டும் தகடு சரியாகப் பதியாவிட்டால் அந்த இடம் வெந்து போகும். இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக் கொள்ள முடியும்தான். ஆனால் கற்றுக் கொள்ளும்வரை நடக்கிற தவறுகள் யார் உடம்பில் நடக்கின்றன?

இங்கிலாந்தில் இதற்குத் தனிப் பதவியே இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற நர்ஸோ, தியேட்டர் பயிற்சி முடித்துப் பதிவு பெற்றவரோ, மேற்கொண்டு பயின்று தேர்ச்சி காட்டிய பிறகே முதல் உதவியாளராக நிற்கலாம். பிடிக்கலாம், விலக்கலாம், நூல் வெட்டலாம். அறுவை வேலையில் கை வைக்கக் கூடாது. கருவி எடுத்துக் கொடுப்பவரே உதவியாளராகவும் நிற்பதை அங்கே பொதுவாக ஏற்பதில்லை. இரண்டு வேலைக்கு இரண்டு பேர். கருவி, பஞ்சு, துணிகளை எண்ணிக் கணக்கு வைப்பவருக்குக் கவனம் சிதறக் கூடாது என்பதால்தான். நம் நண்பரோ இரண்டையும் ஒரே ஆளாகச் செய்கிறார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்!

நம் நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1992-ல் சென்னையில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன், மருத்துவருக்கு உதவியாளர்களை உருவாக்கும் படிப்பைத் தொடங்கி வைத்தார். இதய பைபாஸ் ஆபரேஷனில் காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்துக் கொடுக்கும் நுட்பமான வேலையைக்கூட அப்படிப் படித்தவர்கள் செய்கிறார்கள். இங்கே கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆபரேஷன் தியேட்டர் தொழில்நுட்பத்துக்குப் பட்டப் படிப்பு இருக்கிறது. உடற்கூறு, கிருமியியல், கிருமி நீக்கம், மயக்க மருந்துக் கருவிகள் எல்லாம் பாடம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி. 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியக் கமிஷன் சட்டமும் அறுவை, மயக்க மருந்துத் தொழில்நுட்பங்களை ஒரு பிரிவாகவே சேர்த்திருக்கிறது. இத்தொழில்களுக்கு டிப்ளமோ அல்லது பட்டம் என்றால் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் அந்த 2000 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பஸ் நிலையத்துச் சுவரில் 'ஆறே மாதத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், வேலை நிச்சயம்' என்று போஸ்டர் ஒட்டுகிறவன் 2000 மணி நேரத்தை ஆறு மாதத்தில் எப்படி அடைப்பான்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறும் விடாமல் தினம் பதினோரு மணி நேரம் வருகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, அங்கே எத்தனை தியேட்டர் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் நகையை அடகுக் கடையிலிருந்து மீட்டுக் கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

நர்சிங் ஹோம் முதலாளிகள் சொல்வதும் என் காதில் விழாமல் இல்லை. படித்தவர் அதிகச் சம்பளம் கேட்கிறார், இரண்டு வருஷத்தில் துபாய்க்குப் போய்விடுகிறார் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நோயாளியிடம் உதவி சர்ஜன் என்று பணம் வாங்குகிறவர்கள், சம்பளம் கட்டுப்படியாகாது என்று எந்த வாயால் சொல்கிறார்கள்?

படிக்காமலே கற்றவர் என்றதும் அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் நினைவுக்கு வருகிறார். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்து வைத்த பணம் பாங்கு மூழ்கியதில் போயிற்று. 1930-ல் டாக்டர் ஆல்பிரட் பிளாலக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் துப்புரவுக்காரர். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன் செய்தபோது, முக்காலி மேல் ஏறித் தனக்குப் பின்னால் நின்று வழி சொல்லும்படி பிளாலக் அவரை வைத்துக் கொண்டார். தாமசுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1976-ல். முப்பத்திரண்டு வருஷம் கழித்து. அவர் கை பொய் சொல்லவில்லை, காகிதம்தான் தாமதமாக வந்தது. ஆனால் அவர் பல வருஷம் ஆராய்ச்சிக் கூடத்தில் கற்றவர் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா வார்டு பையனும் விவியன் தாமஸ் என்று நான் வாதாட வரவில்லை.

நான் கேட்பது மாலை வகுப்பு. இந்த ஊரில் நம்மில் எத்தனை பேர் பகலில் டைப் அடித்துவிட்டு மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்தோம்! பத்து வருஷம் தியேட்டரில் நின்றவருக்குக் கருவியின் பெயர் தெரியும். அது தொடும் நரம்பின் பெயர் தெரியாது. அந்தப் பாதியை மாலையில் சொல்லிக் கொடுத்து, தேர்வு வைத்து, தேறியவருக்குப் பதவியும் சம்பளமும் தரட்டும். தேறாதவர் மேஜையை விட்டு விலகட்டும். நான் விசாரித்த இரண்டு கல்லூரிகளிலும் பகல் வகுப்புதான். குடும்பஸ்தன் வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவான்?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி வைக்கும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் செய்யும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. திருப்பத்தூர்க்காரரிடம் இதைச் சொன்னேன். "பேரைச் சொல்லிடலாம் சார். வேலையை என்னன்னு சொல்றது?" என்றார்.

அந்த உதவி சர்ஜன் வரியை அடித்துவிட்டுத்தான் பில் கட்டினேன். ஆபீசில் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. இவர் பெயர் வெளியே வராமல் பார்த்துக் கொண்டேன். பிளஸ் டூ மார்க் சீட்டை ஊரிலிருந்து வரவழைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.