சாவி நம் கையில் இருக்கட்டும்

குடோனில் எடை போடுபவர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப, கல்லாவில் இருப்பவர் அதைப் பார்த்து பில் போடும் வழக்கம் இன்றும் பல மண்டிகளில் உள்ளது. 6 என்பது 0 ஆகத் தெரிந்துவிட்டால் யாரோ ஒருவருக்கு நஷ்டம். இதைத் தவிர்க்கத் தராசைக் கம்ப்யூட்டருடன் இணைக்க விரும்பினால், "பழைய தராசு உதவாது, புதிதாக வாங்குங்கள்" என்கின்றனர் விற்பனையாளர் சிலர். இதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறம் ஆர்.எஸ்.232 என்ற சீரியல் இணைப்பு இருக்கிறது. 1960-ல் வகுக்கப்பட்ட முறை இது; கம்பி நீளம் சாதாரணமாக 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆர்.எஸ்.485 வகையானால், குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை எட்டும். இணைப்பே இல்லாத தராசை மாற்றத்தான் வேண்டும். இருப்பவற்றுக்கோ கேட்வே எனும் சிறு பெட்டியே போதும். அதன் ஒருபுறம் தராசின் கம்பி, மறுபுறம் கடையின் நெட்வொர்க் கம்பி.

பெட்டியை வாங்குவது எளிது, அமைப்பதில்தான் சூட்சுமம். வேகம், டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய நான்கும் தராசில் உள்ளபடியே பெட்டியிலும் இருக்க வேண்டும். தராசு 9600 வேகத்தில் அனுப்ப, பெட்டி 4800-க்கு அமைந்திருந்தால் திரையில் எடை வராது, கிறுக்கல்தான் வரும். பெட்டிக்கு நிலையான ஐ.பி. முகவரியும் தேவை. அது மாறிவிட்டால் பில் போடும் புரோகிராமுக்குத் தராசு எங்கே என்று தெரியாது.

இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும் விவரங்கள். ஆனால் இணைத்துத் தருவோர் பலர் அந்தத் தாளைத் தருவதில்லை, பாஸ்வேர்டையும் சொல்வதில்லை. தீபாவளி வியாபாரத்தின்போது பெட்டி பழுதானால், மாற்றுப் பெட்டி கையில் இருந்தும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நம் பணத்தில் வாங்கிய கருவிக்காக நாம் பிறர் தயவை நாடி நிற்பது என்ன நியாயம்?

எனவே, கடைசித் தவணையைக் கொடுக்குமுன் அந்த விவரத் தாளையும் பாஸ்வேர்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வெளியார் இன்டர்நெட் வழியே நேரடியாக நுழையும்படி பெட்டியைத் திறந்து வைக்க அனுமதிக்காதீர்கள். இணைப்புக்காகத் தராசின் முத்திரையை உடைக்க முற்பட்டால் உடனே தடுத்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, முத்திரை சரியில்லாத தராசைப் பயன்படுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே.

கல்லாப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டு, சாவியைப் பூட்டுக் கடைக்காரரிடமே விட்டு வருவோர் நம்மில் உண்டா? இந்தப் பெட்டிக்கும் அதே விதிதான்.